நூறாண்டு வெள்ளமும் முப்பத்தைந்து ஆண்டுக் கடனும்



பருவநிலை மாற்றத்தையும் பணத்தையும் இணைத்து ஒரு பாடம் எழுதச் சொன்னார்கள். நான் சிவில் இன்ஜினியரிங் மாணவி. பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு பேச்சு இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா சொன்ன கணக்கு

நாங்கள் இருப்பது ஷா ஆலாமில், கிள்ளான் ஆற்றுக்கு அருகில் உள்ள ஒரு தாமான். வாடகை வீடு. வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். மேட்டுப் பகுதியில் இதே அளவு வீடு விற்கும் விலையை விட 70,000 ரிங்கிட் குறைவு. அப்பாவுக்கு வயது 51. அவர் பேரில் மட்டும் லோன் எடுத்தால் 19 ஆண்டுதான் கிடைக்கும். மாதத் தவணை தாங்காது. வேலை செய்யும் அக்காவின் பேரையும் சேர்த்தால் 35 ஆண்டு கிடைக்கும். அக்காவுக்கு 26 வயது. கடன் முடியும்போது 61.

அக்கா கேட்டாள்: “வெள்ளம் வந்த எடமாச்சே, அப்பா?”

அப்பா சிரித்தார். “அது நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம்மா. பேப்பர்லயே போட்டாங்க. 2021-ல வந்துட்டுப் போயிடுச்சு. இனிமே உங்க பேரப் பிள்ளைங்க காலத்துலதான் வரும். எழுபதாயிரம் வெள்ளி கம்மி, யோசிச்சுப் பாரு.”

அப்பா இதைத் தானாகக் கற்பனை செய்யவில்லை. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியபோது, அது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று அதிகாரிகளும் சொன்னார்கள். அந்தச் சொற்களை அப்பா எப்படிப் புரிந்துகொண்டார் என்பதில்தான் சிக்கல். இந்தச் சிக்கல் அப்பாவுக்கு மட்டும் உரியதும் இல்லை.

நூறில் ஒன்று

நீரியல் பாடத்தில் ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால், எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூறில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள வெள்ளம். அவ்வளவுதான். வந்துவிட்டுப் போனதால் அடுத்த ஆண்டு வாய்ப்பு குறைவதில்லை. வெள்ளத்துக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது.

இதை அப்பாவுக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அவர் அவ்வப்போது நாலு நம்பர் எடுப்பவர். (நல்ல பழக்கம் என்று சொல்லவில்லை!) “அப்பா, நேத்து விழுந்த நம்பரு இன்னைக்கு விழாதுன்னு எழுதி வச்சிருக்கா?” என்று கேட்டேன். “அது எப்படி? ஒவ்வொரு தடவையும் புதுசாத்தானே குலுக்கறான்...” என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

பிறகு போன் கால்குலேட்டரை எடுத்தோம். நீங்களும் எடுங்கள். ஓர் ஆண்டில் அந்த வெள்ளம் வராமல் இருக்கும் வாய்ப்பு 0.99. முப்பத்தைந்து ஆண்டும் வராமல் இருக்கும் வாய்ப்பு, 0.99-ஐ 35 முறை பெருக்கினால் கிடைப்பது: ஏறக்குறைய 0.70. அப்படியானால் கடன் முடிவதற்குள் குறைந்தது ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 30 விழுக்காடு. பத்து வீட்டுக் கடனில் மூன்று!

இது பழைய மழைக் கணக்கை வைத்துப் போட்டது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் பூமி ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. அதனால் கனமழை மேலும் கனக்கிறது. அந்த ‘நூறாண்டு வெள்ளம்’ ஐம்பதாண்டு வெள்ளமாக மாறிவிட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.98-ஐ 35 முறை பெருக்குங்கள். விடை 0.49. பூவா தலையா போடுவதும் அதுவும் ஒன்றுதான்.

பருவநிலை இடர் என்று சொல்வது இதைத்தான். எங்கோ வடதுருவத்தில் பனி உருகும் செய்தியாகத் தொடங்கி, நம் அக்காவின் 35 ஆண்டுக் கடன் பத்திரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நட்டம் யார் கையில் நின்றது?

2021-இல் நான் ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வுக்கு எழுதிய நோட்டுகள் எல்லாம் தண்ணீரில் போயின. ஆனால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, ஏனென்றால் அப்பாவின் வேன் மூழ்கியிருந்தது. பொருள் ஏற்றும் வேன். அதுதான் எங்கள் சோறு. இன்னும் 28,000 ரிங்கிட் கடன் பாக்கி. கீழ்த்தளத்தில் இருந்த குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், அம்மா முறுக்குப் போடும் அடுப்பு, மாவு மூட்டைகள், கட்டில், சோபா எல்லாம் சேர்த்து 17,000 ரிங்கிட் இருக்கும்.

வேனுக்கு முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று அப்பா நிம்மதியாக இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது: ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்று பெயர் இருந்தாலும் வெள்ளம் அதில் சேராது. ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அரசாங்க உதவியாக வந்த 1,000 ரிங்கிட்டில் அம்மா அடுப்பும் மாவும் வாங்கினார். வேன் கடனுக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

எங்களைப் போல எத்தனை வீடு! அந்தப் பருவ வெள்ளத்தின் மொத்த நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வீடுகளுக்கு 160 கோடி, வாகனங்களுக்கு 100 கோடி. சிலாங்கூரில் மட்டும் 310 கோடி. உயிரிழந்தவர்கள் 50 பேருக்கும் மேல்.

பொறியியலில் நாங்கள் ஒன்றைக் கற்கிறோம். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பம்பு வைத்தால் ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். ஆனால் இரண்டையும் ஒரே பள்ளத்தில் வைத்தால், தண்ணீர் வந்த அன்று இரண்டும் சேர்ந்தே நிற்கும். எங்கள் வீட்டுக்கு அப்பாவின் வேன், அம்மாவின் முறுக்கு என இரண்டு வருமானம். இரண்டும் ஒரே பள்ளத்தில் இருந்தன.

வங்கியும் கணக்குப் போடுகிறது

இப்போது மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். எங்களுக்கு 35 ஆண்டுக் கடன் கொடுக்கும் வங்கிக்கும் அந்த 30 விழுக்காடு பொருந்தும். வீடு மூழ்கி, வேன் மூழ்கி, தவணை நின்றால் வங்கியின் பணமும் நிற்கும். ஒரு வீடு என்றால் சமாளிக்கலாம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வீடுகள் என்றால்?

2015-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி லண்டன் காப்புறுதித் துறையினர் முன் பேசியபோது இந்த அபாயத்தை வகைப்படுத்திச் சொன்னார். அதில் இரண்டு நமக்கு முக்கியம்.

முதலாவது, நேரடி இடர். வெள்ளம், புயல், வறட்சி, கடல் மட்ட உயர்வு. எங்கள் வேனுக்கு நடந்தது இது.

இரண்டாவது, மாற்றத்தின் இடர். உலகம் நிலக்கரி, எண்ணெயிலிருந்து விலகும்போது பழைய முறையில் இயங்கும் தொழில்கள் படும் அடி. உதாரணத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியம் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்ற சில பொருள்களை இறக்குமதி செய்யும்போது அவற்றின் கரிம அளவைக் கேட்கிறது. 2023 அக்டோபரில் அறிக்கை கேட்டுத் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் அது கட்டணமாகிறது. நாளை நீங்கள் வேலைக்குச் சேரப் போகும் தொழிற்சாலை அங்கே பொருள் விற்பதாக இருந்தால், மழையே படாமல் அதன் கணக்கு நனையலாம்.

நம் நாட்டில் பேங்க் நெகாரா 2021-இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. ஒரு கடன் பருவநிலைக்கு உதவுகிறதா, மாற்றத்தின் பாதையில் இருக்கிறதா, கவனிக்க வேண்டியதா என்று வங்கிகள் பிரித்துப் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் இன்னொரு படி போனது: வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பருவநிலை இடரைத் தங்கள் இடர் நிர்வாகத்தில் சேர்த்து, பல சூழல்களை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கொள்கை ஆவணம் வந்தது.

நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பாட்டிக்குச் சொந்த வீடு. தாத்தா வேலை செய்து சேர்த்த ஒரே சொத்து. வங்கிகளும் காப்புறுதிக்காரர்களும் இடரைச் சரியாகக் கணக்கிட்டால், எங்கள் தாமானில் லோன் கிடைப்பது கடினமாகலாம், பிரீமியம் ஏறலாம், வீட்டு விலை இறங்கலாம். அந்தக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் தண்ணீர் ஓர் அங்குலம்கூடக் குறையாது. இருக்கும் இடரைக் கணக்கிட்டு விலை போடுவது ஒரு வேலை, அந்த இடரையே குறைப்பது வேறு வேலை. பசுமை நிதியைப் பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பசுமை நிதி எங்கே போகிறது?

பசுமை நிதி என்பது எளிய விஷயம். கடன் வாங்குபவர், ‘இந்தப் பணத்தை இன்ன நல்ல காரியத்துக்குத்தான் செலவழிப்பேன், கணக்கும் காட்டுவேன்’ என்று முன்பே வாக்குக் கொடுக்கிறார். இதில் மலேசியா பின்தங்கிய நாடு அல்ல. உலகின் முதல் பசுமை சுக்குக் 2017 ஜூலையில் இங்குதான் வெளியானது. 25 கோடி ரிங்கிட். சபாவில் கூடாட்டில் சூரிய மின் நிலையம் கட்டுவதற்கு. 2021 ஏப்ரலில் அரசாங்கமே 80 கோடி அமெரிக்க டாலருக்கு நிலைத்தன்மை சுக்குக் வெளியிட்டது. ஊழியர் சேம நிதியும் 2050-க்குள் தன் முதலீடுகளைக் கரிமச் சமநிலைக்குக் கொண்டுவர இலக்கு வைத்துள்ளது. நாளை உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்போகும் பணம் அது. ஆகவே “எனக்கு என்ன?” என்று கேட்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூரிய மின் நிலையம் மின்சாரம் விற்கும். விற்ற காசில் கடனைத் திருப்பலாம். வெள்ளத் தடுப்புச் சுவரும், நீர் இறைக்கும் நிலையமும், தூர் வாரிய ஆறும் எதை விற்கும்? அவை தருவது நடக்காமல் போன நட்டம். அதற்கு யாரும் பில் போட முடியாது. அதனால் முதலீட்டாளர்களின் பணம் முதலில் சூரிய மின்சாரத்துக்கு ஓடுகிறது; பாட்டி வீட்டுக்கு முன்னால் உள்ள லோங்காங்குக்கு ஓடுவதில்லை.

வழியே இல்லையா? கோலாலம்பூரில் 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கத்தைப் பாருங்கள். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கம். அதில் ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் கார்களும் ஓடுகின்றன. சாதாரண நாளில் டோல் வசூலாகிறது. பெருமழை நாளில் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுகிறார்கள். வருமானம் தராத ஒன்றை வருமானம் தரும் ஒன்றோடு கட்டிவைத்த யோசனை அது. எல்லா இடத்திலும் இப்படிச் செய்ய முடியாது. முடியாத இடத்தில் பொதுப் பணம்தான் வர வேண்டும். அதைக் கேட்பது பிச்சை அல்ல; 610 கோடி நட்டத்தோடு ஒப்பிட்டுக் கேட்கும் கணக்கு.

பத்து வெள்ளியில் கட்டிய பாதுகாப்பு

தாங்கும் பொருளாதாரம் என்றால் என்ன என்று நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் தோட்ட உரிமையாளர்கள் பலர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். பாட்டாளிக்கு வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போயின. அங்கேயும் இரண்டு பம்பு ஒரே பள்ளத்தில்தான்! 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பிறகு பல மாநிலங்களில் பல தோட்டங்கள். இன்றும் அந்தச் சங்கம் இயங்குகிறது.

இதில் மூன்று விஷயம் கவனிக்கலாம். ஒன்று, ஆபத்து வருமுன் சேர்த்தார்கள். இரண்டு, சிறு தொகையாகப் பலரிடம் சேர்த்தார்கள். மூன்று, ஒரே இடத்தில் நிற்காமல் பரவி நின்றார்கள்.

மூன்றாவதை நாம் அடிக்கடி மறக்கிறோம். எங்கள் தாமானில் நண்பர்கள் சிலர் “நாமே ஒரு வெள்ள நிதி சேர்ப்போம்” என்றார்கள். நல்ல எண்ணம். ஆனால் வெள்ளம் வந்தால் எல்லா வீடும் ஒரே நாளில் பணம் கேட்குமே! பள்ளத்தில் இருப்பவர்கள் மட்டும் சேர்ந்த நிதி, பள்ளத்தோடு மூழ்கும். மேட்டில் இருப்பவர்களும், வேறு ஊரில் இருப்பவர்களும் சேர்ந்தால்தான் அது தாங்கும். காப்புறுதி உலகளவில் செய்வதும் இதைத்தான். ஒரு தாமான் நிதி அவசரச் சாமான்களுக்கும், படகுக்கும், பம்புக்கும் போதும். வீட்டையும் வாகனத்தையும் காக்கப் பெரிய குடை வேண்டும்.

எங்கள் வீட்டு முடிவு

கடைசியில் அந்த வீட்டை வாங்கவில்லை. கால்குலேட்டரை விட அம்மா கேட்ட ஒரு கேள்விதான் முடிவு செய்தது. “எழுபதாயிரம் கம்மின்னா, அது நமக்குக் கெடச்ச லாபமா, இல்ல தண்ணிய நாம வாங்கிக்கறதுக்குக் குடுக்கற கூலியா?” போன முறை எங்களுக்கு 45,000 போனது, அதுவும் சுவர், தரை, மின்கம்பி எல்லாம் வீட்டுக்காரர் தலையில் விழுந்த பிறகு. சொந்த வீடு என்றால் அதுவும் நம் தலையில்தான்.

வீட்டை வேறொருவர் வாங்கினார். நாங்கள் அவரிடமே வாடகைக்கு இருக்கிறோம், ஏனென்றால் அப்பாவின் வாடிக்கையாளர்களும் அக்காவின் வேலையும் இங்கேதான். மேட்டுப் பகுதியில் வாங்க அக்கா சேமிக்கிறாள். அப்பாவின் இப்போதைய வேனுக்கு ஸ்பெஷல் பெரில்ஸ் எடுத்தாயிற்று. மழைக் காலத்தில் வேனை மேட்டில் உள்ள மாமா வீட்டில் நிறுத்துகிறார். அம்மாவின் மாவு மூட்டைகள் மாடிக்குப் போய்விட்டன. வளையல்களில் ஒரு ஜோடி திரும்பி வந்தது.

பாட்டி அங்கேயேதான் இருக்கிறார். போன மாதம் பெருமழை பெய்த இரவில் கதவைத் தட்டி, “தண்ணி ஏறுதா, கண்ணு?” என்று கேட்டார். நான் டார்ச் அடித்துப் பார்த்து, “இல்ல பாட்டி, லோங்காங்லயேதான் இருக்கு” என்றேன். நாங்கள் ஒரு நாள் மாறிப் போய்விடுவோம். அவர் போக மாட்டார், போகவும் முடியாது. நான் படிக்கும் படிப்புக்கு அந்தக் கேள்விதான் தேர்வுத்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் குழுவோடு செய்து பாருங்கள்

1. வீட்டில் உள்ள எல்லா வாகனங்களின் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுங்கள். வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? வீட்டுக் காப்புறுதி வெறும் தீ விபத்துக்கா, வெள்ளத்துக்கும் சேர்த்தா? லோன் எடுத்தபோது வாங்கிய எம்.ஆர்.டி.ஏ. கடன் வாங்கியவரின் உயிருக்கானது. வீடு நனைந்தால் அது பேசாது.

2. உங்கள் குடும்பத்தின் வருமானங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை வருமானம் ஒரே பள்ளத்தில் இருக்கிறது?

3. உங்கள் வட்டாரத்தில் தண்ணீர் ஏறிய இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். வயதானவர்களைக் கேளுங்கள், பழைய வெள்ளத்தின் அளவு அவர்கள் ஞாபகத்தில் இருக்கும். அந்த வரைபடத்தோடு உங்கள் ஊராட்சி மன்ற உறுப்பினரைப் பார்க்கப் போங்கள்.

4. விவாதிக்க: அபாயமான இடத்தில் வாழும் ஏழைக் குடும்பம் கூடுதல் பிரீமியம் கட்டுவது நியாயமா? இல்லையென்றால், அந்த மிச்சப் பணத்தை யார் கட்ட வேண்டும்? “அரசாங்கம்” என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எந்தப் பணத்திலிருந்து என்று சொல்லுங்கள்.